நிற்கும் கம்பி

கொல்கத்தாவின் கார்டன் ரீச் என்ற பெயரில் ‘கார்டன்’ எங்கிருந்து வந்தது என்பது எளிதில் விளங்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் ஹூக்ளிக் கரையில் வரிசையாகக் கட்டிக்கொண்ட தோட்ட வீடுகள்தான் காரணம். ‘ரீச்’ கடலோடிகளின் சொல். ஆறு இரண்டு வளைவுகளுக்கு நடுவே நேராக ஓடும் நீட்டுக்கு அந்தப் பெயர். பாய்க்கப்பல் திசையை மாற்றாமல் ஒரே ஓட்டமாக ஓடக்கூடிய தூரம் அது. ஆக, இந்த ஊரின் பெயரிலேயே ஒரு பாய்மரம் நிற்கிறது.

பெயரில் நிற்கும் பாய்மரம் இன்று கரையில் இல்லை. 1884இல் கப்பல்களைப் பழுதுபார்க்கும் சிறு பட்டறையாகத் தொடங்கிய நிறுவனம் 1960இல் அரசுக்கு வந்தது. சுதந்திர இந்தியாவில் கட்டப்பட்ட முதல் போர்க்கப்பலான ‘அஜய்’ 1961இல் இங்கிருந்துதான் போனது. கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளம் 2019இல் தன் நூறாவது போர்க்கப்பலைக் கொடுத்தது. இவ்வளவு இரும்பு புழங்கும் இடத்தில், ஆறேழு மீட்டர் நீளமுள்ள ஒரு சின்னப் பாய்ப்படகின் பாய்மரத்துக்கு எந்தக் கம்பி வாங்குவது என்று கேட்டால் அற்பமான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் கேள்விக்கான விடை இங்கேதான், மூன்று கம்பிகளின் வடிவில், கண்ணுக்கு நேரே தொங்குகிறது.

ஒன்று, தளத்திலிருக்கும் 250 டன் கோலியாத் கிரேனின் கம்பிவடம். இரண்டாவது, தெருவோர மின்கம்பம் சாயாமல் தரையோடு இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பி. மூன்றாவதைப் பார்க்க ஆற்றில் மேல்நோக்கிச் சில கிலோமீட்டர் போகவேண்டும். அது 1992 அக்டோபர் 10 அன்று திறக்கப்பட்ட வித்யாசாகர் பாலத்தைத் தாங்கும் கம்பிவடங்கள். மூன்றும் எஃகுதான், மூன்றும் இழுவையைத்தான் தாங்குகின்றன. இருந்தாலும் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. ஏன் செய்யாது என்பது புரிந்துவிட்டால், படகுக்கான கம்பியைத் தேர்ந்தெடுக்கும் வேலை பாதி முடிந்தது.

பாய்மரத்தில் இரண்டு வகைக் கயிறுகள் உண்டு. பாயை ஏற்றவும் இறக்கவும் காற்றுக்கேற்ப இழுத்துத் தளர்த்தவும் கப்பி வழியாக ஓடுபவை ஒரு வகை. இன்னொரு வகை ஓடுவதே இல்லை. மரத்தின் உச்சியிலிருந்து அணியத்துக்கு ஒரு முன்கம்பி, பின்பக்கத்துக்கு ஒரு பின்கம்பி, இரு விலாவுக்கும் பக்கக் கம்பிகள் என்று கட்டியபடியே நின்று மரத்தை நிமிர்த்தி வைத்திருப்பவை அவை. மரம் ஒடிந்து விழுந்ததாகக் கேள்விப்படும்போதெல்லாம் மரத்தைப் பார்க்கிறோம். பெரும்பாலும் முதலில் போனது இந்த நிற்கும் கம்பிகளில் ஒன்றாகவோ அதன் முனையாகவோ இருக்கும்.

கிரேனின் வடத்தை முதலில் பார்ப்போம். அது நாள் முழுக்க கப்பியில் வளைந்து நிமிர வேண்டியது. தடித்த கம்பி வளைந்தால் வெளிப்புறம் அதிகமாக நீண்டு களைத்துப்போகும். மெல்லிய கம்பி அதே வளைவைச் சுலபமாகத் தாங்கும். அதனால் நூற்றுக்கும் மேற்பட்ட மெல்லிய இழைகளைச் சேர்த்துப் புரிகளாக முறுக்கி, அந்தப் புரிகளை மறுபடியும் சேர்த்து வடமாக முறுக்குகிறார்கள். முறுக்கின் மேல் முறுக்கு. இந்த நெகிழ்வுதான் பாய்மரத்துக்கு ஆகாது. முறுக்கிய வடத்தை இழுத்தால் எஃகு நீள்வதற்கு முன்னால் முறுக்கு இறுகும். இழைகள் உள்நோக்கி நெருங்கி வடம் நீளும். சுருள்வில்லை இழுப்பதற்கும் கம்பியை இழுப்பதற்கும் உள்ள வேறுபாடு அது.

எனவே நிற்கும் கம்பிக்கு முறுக்கு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. படகுக்காரர்கள் பரவலாகப் பயன்படுத்தும் அமைப்பில் மொத்தமே 19 இழைகள், ஒரே ஒரு புரி. நடுவில் ஒன்று, அதைச் சுற்றி ஆறு, அதற்கும் வெளியே பன்னிரண்டு. கடையில் இதை ‘ஒன்றுக்குப் பத்தொன்பது’ என்று கேட்கவேண்டும். ‘ஏழுக்கு ஏழு’ என்றால் ஏழு புரி, புரிக்கு ஏழு இழை. ‘ஏழுக்குப் பத்தொன்பது’ என்றால் ஏழு புரி, புரிக்குப் பத்தொன்பது இழை. இது மூன்றிலும் மிக நெகிழ்வானது.

நெகிழ்வுக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4 மில்லிமீட்டர் தடிமனில் 8 மீட்டர் நீளக் கம்பி ஒன்றை 400 கிலோ விசையில் இழுப்போம். ஒன்றுக்குப் பத்தொன்பது சுமார் 24 மில்லிமீட்டர் நீளும். ஏழுக்கு ஏழு 44 மில்லிமீட்டர் அளவுக்குப் போகும். ஏழுக்குப் பத்தொன்பது 50ஐத் தாண்டிவிடும். எதுவும் அறுந்துவிடவில்லை, எதுவும் அறுபடும் நிலையில்கூட இல்லை. ஆனால் 50 மில்லிமீட்டர் நீண்ட பக்கக் கம்பி மரத்தைச் சாயவிடும். எதிர்ப்பக்கக் கம்பி தொளதொளவென்று தொங்கும். அடுத்த அலை படகை மறுபக்கம் சாய்க்கும்போது அந்தத் தொய்வு ‘பட்’டென்று இறுகும். மெதுவாக ஏறும் 400 கிலோவைத் தாங்கிவிடும் பொருத்துமுனை, திடீரென்று விழும் 400 கிலோவால் களைக்கும். இதனால்தான் கம்பி வாங்கும்போது எவ்வளவு தாங்கும் என்று கேட்பதற்கு முன் எவ்வளவு நீளும் என்று கேட்க வேண்டும். பலர் கேட்பதில்லை.

அந்த 400 கிலோ எங்கிருந்து வந்தது? படகைக் காற்று சாய்க்கிறது. படகின் எடையும் நீரின் மிதப்புவிசையும் சேர்ந்து நிமிர்த்துகின்றன. பாய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், காற்று எவ்வளவு பலமாக அடித்தாலும், படகு நிமிர முயலும் விசைக்கு மேல் கம்பியில் நிலையான சுமை ஏறாது; படகு இன்னும் சாய்ந்து காற்றை வழியவிட்டுவிடும். ஆகவே கணக்கைக் காற்றிலிருந்து தொடங்காமல் படகிலிருந்து தொடங்குவதுதான் கப்பல் பொறியாளர்களின் வழக்கம். 1,000 கிலோ எடையுள்ள படகு 30 பாகை சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது எடை கீழ்நோக்கி இழுக்கும் கோட்டுக்கும் மிதப்புவிசை மேல்நோக்கித் தள்ளும் கோட்டுக்கும் நடுவே 40 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால், நிமிர்த்தும் திருப்புவிசை 400 கிலோ-மீட்டர். பக்கக் கம்பி மரத்தின் அடியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி விலாவில் கட்டியிருந்தால் அதன் சுமை 400 கிலோ. கட்டும் இடம் அரை மீட்டர்தான் தள்ளியிருக்கிறது என்றால் 800 கிலோ. கம்பிக்கும் மரத்துக்கும் இடையிலான கோணம் குறுகக் குறுக விசை ஏறிக்கொண்டே போகும்.

வீட்டில் துணி காயப்போடும் கொடியை நினைத்துக்கொண்டால் இது புரியும். தளர்வாகக் கட்டிய கொடியில் ஈரப்புடவையைப் போட்டால் தாங்கும். விறைப்பாக, கிடையாக இழுத்துக் கட்டிய கொடியில் அதே புடவையைப் போட்டால் ஆணியே பிடுங்கிக்கொண்டு வரும். கோணம் சின்னதானால் சிறிய பாரத்தைச் சமாளிக்கவும் பெரிய இழுவிசை வேண்டியிருக்கும். மரத்தோடு 12 பாகை கோணத்தில் இறங்கும் பக்கக் கம்பி, உச்சியில் விழும் பக்கவாட்டு விசையைப் போல் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு இழுவையைச் சுமக்கிறது. பாய்மரத்தின் நடுவில் இருபுறமும் நீட்டிய குறுக்குக் கைகளை வைத்துக் கம்பியை வெளியே தள்ளுவது இந்தக் கோணத்தைக் கொஞ்சம் விரிப்பதற்காகத்தான்.

400 கிலோ நிலையான சுமை. அலை, உதறல், வயது எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றால் பெருக்குவோம்: 1,200 கிலோ. ஒன்றுக்குப் பத்தொன்பது அமைப்பில் 4 மில்லிமீட்டர் எவர்சில்வர் கம்பி சுமார் 1,300 கிலோவில் அறும். 5 மில்லிமீட்டர் கம்பி சுமார் 2,000 கிலோவில். நமது படகுக்கு 4 மில்லிமீட்டர் போதும்.

இந்த இடத்தில் ஒரு ஆசை தலைகாட்டும்: எதற்கும் இருக்கட்டும், 5 மில்லிமீட்டரே போட்டுவிடுவோமே! நீட்சி குறையும் என்பது உண்மைதான். 24 மில்லிமீட்டர் 15 ஆகும். ஆனால் மொத்தம் 50 மீட்டர் கம்பியில் எடை சுமார் 2 கிலோ கூடும். அந்த 2 கிலோ சராசரியாக நான்கு மீட்டர் உயரத்தில் தொங்கும். அதை ஈடுகட்ட நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே 16 கிலோ ஈயம் சேர்க்க வேண்டும். தடித்த கம்பிக்குத் தடித்த பின், கம்பியை இறுக்கித் தளர்த்தும் திருகான டர்ன்பக்கிளும் தடித்ததாக, படகின் விலாவில் பெரிய தகடு எல்லாம் வேண்டும். பழைய தகட்டிலேயே புதிய தடித்த கம்பியை மாட்டினால் பலவீனம் கம்பியிலிருந்து தகட்டுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். வடிவமைத்தவர் கணக்குத் தெரிந்தவராக இருந்தால் அவர் போட்ட தடிமனையே போடுவது நல்லது. வடிவமைத்தவர் யாரென்றே தெரியாத பழைய படகு கைக்கு வந்தால்தான் மேலே போட்ட கணக்கு தேவைப்படும்.

இனி ஸ்டே கம்பி. தெருவோர மின்கம்பங்களை நிறுத்தியிருப்பது நாகம் பூசிய எஃகு இழைகள் ஏழு சேர்ந்த ஒற்றைப் புரி. முறுக்கு குறைவு, விறைப்பு அதிகம், விலை மலிவு. வடிவத்தில் இது பாய்மரக் கம்பியின் உடன்பிறப்பு. பெர்னார் மோதெசியே என்ற பிரெஞ்சுக் கடலோடி, தன் இளமையை வியத்நாமில் கழித்தவர், 1960களில் தந்திக் கம்பங்களையே பாய்மரமாக நிறுத்தி, நாகம் பூசிய கம்பிகளால் கட்டி, ‘ஜோஷுவா’ என்ற படகில் உலகைச் சுற்றினார். எனவே இது மட்டமான யோசனை அல்ல. சிக்கல் அளவில்தான். மின்கம்பத்து ஸ்டே கம்பியின் ஒவ்வொரு இழையும் பெரும்பாலும் 3.15 அல்லது 4 மில்லிமீட்டர். ஏழும் சேர்ந்தால் 9 முதல் 12 மில்லிமீட்டர் தடிமன். அந்த 9 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 400 கிராமுக்கு மேல் எடை உள்ளது. நமது 4 மில்லிமீட்டர் கம்பியைப்போல ஐந்து மடங்குக்கும் அதிகம். பன்னிரண்டு மீட்டர் எஃகுப் படகான ஜோஷுவா தடித்த கம்பியைச் சுமக்கும். நம் சின்னப் படகு சுமக்காது.

ஆனால் நாகம் பூசிய கம்பிக்கு ஒரு நற்குணம் உண்டு. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. நாகம் இரும்பைவிட எளிதில் அரிபடும் உலோகம். ஈரமும் உப்பும் வந்தால் அது முதலில் கரைந்து இரும்பைக் காக்கிறது. நாகம் தீர்ந்த இடத்தில் இரும்பு துருவேறிச் சிவக்கும். எல்லாரும் பார்க்கலாம். ‘மாற்று’ என்று கம்பியே சொல்லிவிடுகிறது. எவர்சில்வர் அப்படிச் சொல்லாது. பளபளவென்று இருந்துகொண்டே உள்ளே வெடித்து ஒரு நாள் அறுந்துபோகும்.

இந்த மௌனத்துக்கு என்ன காரணம்? 1912–13 வாக்கில் ஜெர்மனியின் குருப் ஆலையிலும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் உருவான துருப்பிடிக்காத எஃகு, உண்மையில் துருப்பிடிக்க முடியாத எஃகு அல்ல. அதிலுள்ள குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சில நானோமீட்டர் தடிமனில் ஒரு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. கீறினாலும் உடனே மறுபடியும் போர்த்திக்கொள்ளும். ஆனால் ஆக்சிஜன் இருந்தால்தான் போர்த்தும். உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைக்கும். நம் வீடுகளில் உப்பை எவர்சில்வர் டப்பாவில் போடாமல் பீங்கான் ஜாடியில் வைத்தது வெறும் வழக்கமல்ல. ஈர உப்பு எவர்சில்வரில் ஊசிக்குத்துப்போலக் குழி பறிப்பதை நம் பாட்டிமார் பார்த்திருக்கிறார்கள். சமையலறைப் பாத்திரங்களில் நல்லது என்று விற்பது 304 ரகம்: சுமார் 18 விழுக்காடு குரோமியம், 8 விழுக்காடு நிக்கல். படகுக்கு வேண்டியது 316 ரகம். அதில் நிக்கல் கொஞ்சம் கூடுதல். அதோடு 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம். குளோரைடின் குத்தலை எதிர்த்து நிற்பது இந்தச் சிறிதளவு மாலிப்டினம்தான். 304 கம்பி இழுவையில் சற்று வலுவானதாகக்கூட இருக்கும், விலையும் குறைவு. வங்காள விரிகுடாப் பக்கம் போகும் படகுக்கு அதை வாங்கவேண்டாம் என்பதே என் கருத்து.

கொல்கத்தாவில் ஸ்ட்ராண்ட் ரோடு, நேதாஜி சுபாஷ் ரோடு பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் கம்பிவடத்துக்குப் பஞ்சமில்லை. ராஞ்சியில் ஆலை வைத்திருக்கும் உஷா மார்ட்டின் நிறுவனத்தின் தலைமையகமும் இதே நகரில்தான். கடையில் 304-ஐயும் 316-ஐயும் பிரித்துக் காண்பது எப்படி? காந்தம் ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் நல்லது என்று சொல்வார்கள். பாத்திரத்துக்கு அது ஓரளவு சரியாக இருக்கலாம். கம்பிக்கு நம்ப முடியாது. பொற்கொல்லர் தங்கத்தைக் கம்பியச்சின் துளைகளில் ஒவ்வொன்றாக இழுத்து மெலிதாக்குவதுபோலத்தான் இந்த எஃகையும் சூடேற்றாமல் இழுக்கிறார்கள். இழுக்க இழுக்க உள்ளே படிக அடுக்குகள் ஒன்றோடொன்று சிக்கி இறுகுகின்றன. அதனால்தான் மிருதுவான எவர்சில்வர் தகட்டைவிட இழுத்த கம்பி இரண்டு மூன்று மடங்கு வலுவாகிறது. அதே இழுப்பில் அடுக்கின் ஒரு பகுதி காந்தத்துக்கு இசையும் வடிவத்துக்கு மாறிவிடும். 304இல் அதிகமாகவும் 316இல் குறைவாகவும். ஆகவே நல்ல கம்பியிலும் காந்தம் லேசாக ஒட்டக்கூடும். காந்தத்தைப் பையிலேயே வைத்துவிட்டு, ஆலையின் சோதனைச் சான்றிதழைக் கேட்பதுதான் வழி. உலோகக் கலவையின் விழுக்காடும் அறும் விசையும் அதில் இருக்கும்.

மூன்றாவது கம்பிக்கு வருவோம். வித்யாசாகர் பாலத்தின் நடுக்கண் 457 மீட்டர். இரண்டு கோபுரங்களிலிருந்து விசிறிபோல இறங்கும் வடங்கள் அதைத் தாங்குகின்றன. வடிவமைப்பில் ஜெர்மானியப் பொறியாளர் யோர்க் ஷ்லைக்கின் கை உண்டு. கோபுரத்தைப் பாய்மரமாகவும் வடங்களை நிற்கும் கம்பிகளாகவும் எண்ணிப் பாருங்கள். பாலம் ஆற்றின் குறுக்கே நிற்கும் ஒரு பெரும் பாய்ப்படகு. முப்பது ஆண்டுகள் கடந்த பிறகு, ஹூக்ளி ஆற்றுப் பால ஆணையர்கள் அதன் வடங்களையும் தாங்குதிண்டுகளையும் மாற்றும் வேலையில் இறங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போக்குவரத்தை மணிக்கணக்கில் நிறுத்தி, பாலத்தை நிற்கவைத்தபடியே வடத்தை மாற்றினார்கள். ஒன்றைக் கழற்றும்போது மற்றவை சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன.

கம்பிவடம் பிறந்ததே இந்தப் பகிர்வுக்காகத்தான். 1834இல் ஜெர்மனியின் ஹார்ஸ் மலையில், கிளவுஸ்தால் சுரங்கத்தில் பணியாற்றிய வில்ஹெல்ம் ஆல்பர்ட் சங்கிலிகள் அறுவதைப் பார்த்துச் சலித்துப்போனார். சங்கிலியில் ஒரு கண்ணி போனால் எல்லாம் போயிற்று. அவர் 3.5 மில்லிமீட்டர் இரும்புக் கம்பிகள் நான்கை ஒரு புரியாக, மூன்று புரிகளை ஒரு வடமாகக் கையால் முறுக்கினார். நம் பாஷையில் முப்புரி வடம். அதில் ஓர் இழை அறுந்தால், உராய்வின் பிடியால் சற்றுத் தள்ளி அதே இழை மறுபடியும் தன் பங்குச் சுமையை எடுத்துக்கொள்கிறது. அடுத்த சில பத்தாண்டுகளில் அது கப்பல்களின் பாய்மரத்துக்கும் வந்து, தார் பூசிய சணற்கயிற்றை வெளியேற்றியது.

ஆனால் இந்தப் பகிர்வு கம்பியின் நடுவில்தான் வேலை செய்யும், முனையில் செய்யாது. கம்பியைப் படகோடு பிணைக்க முனையில் ஒரு பொருத்து வேண்டும். பரவலானது, எவர்சில்வர் குழாயில் கம்பியைச் செருகி, ரோலர் இயந்திரத்தால் ஒரே முறை அழுத்தி இறுக்குவது. சரியாகச் செய்தால் கம்பியின் பலம் கிட்டத்தட்ட முழுவதும் கிடைக்கும். ஆனால் அந்தக் குழாயின் வாயில்தான் எல்லாக் கேடுகளும் கூடுகின்றன. அதுவரை ஆடிக்கொண்டிருந்த கம்பி அங்கே திடீரென்று அசையாமல் பிடிபடுகிறது. ஆட்டமெல்லாம் அந்த ஒற்றைக் கோட்டில் வளைவாக விழுகிறது. அதோடு, படகின் விலாவிலுள்ள கீழ்ப் பொருத்தின் வாய் வானத்தைப் பார்த்து இருக்கிறது. மழைத்துளியும் உப்புத் திவலையும் கம்பி வழியே இறங்கி அதற்குள் தேங்கும். இழைகளுக்கு நடுவிலுள்ள மயிரிழை இடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும்; படலம் மறுபடியும் போர்த்தாது; தேங்கிய நீர் அமிலமாகும். வெயிலில் உலோகம் கொதிக்கும். அரிப்பு வெப்பத்தால் வேகமெடுக்கும். உச்சியில் உள்ள பொருத்தின் வாய் கீழ்நோக்கி இருப்பதால் நீர் தேங்காமல் வழிந்துவிடும். நீர் தேங்கும் கீழ்ப் பொருத்துதான் பெரும்பாலும் முதலில் போகும்.

படகு ஓடினால்தான் களைக்கும் என்றில்லை. ஹூக்ளியில் பௌர்ணமி, அமாவாசை ஓதங்களின்போது கடல்நீர் ஒரு சுவராக ஆற்றில் ஏறிவரும். உள்ளூர்க்காரர்கள் அதைப் ‘பான்’ என்பார்கள். கரையில் கட்டிய படகு அப்போது ஒரு குலுக்குக் குலுங்கும். மரத்தின் உச்சி அதைப் பல மடங்காக ஆடிக்காட்டும். காற்றில் கம்பி முனகும்போதெல்லாம் பொருத்தின் வாயில் லட்சக்கணக்கான சிறு வளைவுகள் சேர்கின்றன. கார்டன் ரீச்சில் ஆற்றுநீர் பெரும்பாலும் நன்னீர்; அங்கேயே கிடக்கும் படகின் கம்பி, சாகர் தீவைத் தாண்டிக் கடலுக்குப் போய்வரும் படகின் கம்பியைவிட நீடிக்கும். ஆனால் களைப்புக்கு உப்பு தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மாற்றிவிடுவது பல நாடுகளில் பழகிய வழக்கம். வெப்ப மண்டலக் கடலில் அதற்கும் முன்னே மாற்றினால் தவறில்லை.

அழுத்தி இறுக்கும் குழாய்க்கு மாற்றாக இன்னொரு பொருத்து உண்டு. கம்பியின் முனையை விரித்து, நடுவில் ஒரு சிறு கூம்பைச் செருகி, திருகுமூடியால் இறுக்குவது. இரண்டு ஸ்பேனர் போதும், ரோலர் இயந்திரத்தைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டாம், திறந்து பார்க்கலாம், உள்ளே பசை நிரப்பி நீர் புகாமல் அடைக்கலாம். விலை அதிகம்தான். நானாக இருந்தால் கீழ் முனைகளுக்காவது இதைத்தான் போடுவேன். இரும்புக் கடையில் பத்து ரூபாய் இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் யூ வடிவக் கிளிப்பை ஆபத்து நேரத்துக்குப் பெட்டியில் வைத்திருக்கலாம். அது கம்பியைக் கடித்துப் பிடிப்பது. பலத்தில் ஒரு பகுதியை அது தின்றுவிடும். எவர்சில்வர் கம்பியில் அலுமினிய வளையத்தை அழுத்திப் போடவே கூடாது. உப்புநீரில் இரண்டும் சேர்ந்து ஒரு மின்கலமாகி, அலுமினியம் கரையும்.

எஃகையே விட்டுவிட்டு டைனீமா என்ற செயற்கை நாரால் மரத்தைக் கட்டுபவர்களும் இருக்கிறார்கள். தண்ணீரில் மிதக்கும் நார். அதே தடிமனில் எஃகுக் கம்பியைவிட அதிகமாகத் தாங்கும். துருவென்பதே அதற்கு இல்லை. கையாலேயே பின்னி முனை போட்டுக்கொள்ளலாம். குறை இதுதான்: தொடர்ந்து இழுபட்டுக்கொண்டே இருந்தால் அது மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும், விட்டாலும் திரும்பாது. வெப்பம் கூடினால் அந்த நீட்சியும் கூடும். எனவே அறும் விசையைப் பார்த்து மெலிதாக வாங்கினால் ஏமாற்றம்தான். நீட்சி அடங்கும் அளவுக்குத் தடிமனாக வாங்க வேண்டும். அப்போது பலம் தேவைக்குப் பல மடங்கு மிஞ்சி நிற்கும். சித்திரை வெயிலில் கிடக்கும் படகுக்கு நான் இன்னமும் எஃகுப் பக்கம்தான்.

மாற்றும்போது பாலத்தின் முறையையே பின்பற்றலாம். பாயேற்றும் கயிற்றை இழுத்து விலாவில் கட்டி மரத்தைப் பிடித்துக்கொண்டு, கம்பிகளை ஒவ்வொன்றாக மாற்றுவது. மரத்தைப் படுக்கவைக்க வசதி இருந்தால் இன்னும் நல்லது. உச்சியிலுள்ள பின்களையும் தகடுகளையும் கண்ணால் பார்த்துவிடலாம். புதிய கம்பியின் நீளத்தைப் பழைய கம்பியை வைத்து அளக்கலாம், ஆனால் பழையதைச் சற்று இழுத்துப் பிடித்து அளக்க வேண்டும். வெட்டும்போது டர்ன்பக்கிள் பாதி திறந்த நிலையில் இருக்கும்படி வெட்டினால் இருபக்கமும் இடம் இருக்கும்.

பிறகு இறுக்கும் வேலை. இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒன்றுக்குப் பத்தொன்பது கம்பியில் 2 மீட்டர் நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பி தளர்வாக இருக்கும்போது மேல் முனையில் ஒட்டிய ஒரு அளவுகோலின் கீழ் நுனி கம்பியில் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு இறுக்குங்கள். ஒரு மில்லிமீட்டர் நீண்டால், அறும் விசையில் ஐந்து விழுக்காடு ஏறியிருக்கிறது. மூன்று மில்லிமீட்டர் நீண்டால் பதினைந்து விழுக்காடு. பக்கக் கம்பிகளுக்கு அது நல்ல தொடக்கம். கம்பி 3 மில்லிமீட்டரானாலும் 8 மில்லிமீட்டரானாலும் இந்தக் கணக்கு மாறாது. தடித்த கம்பி அதே விகிதத்தில் அதிகம் தாங்கும், அதே விகிதத்தில் குறைவாக நீளும்; இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. எனக்கு இந்தக் கலையில் மிகப் பிடித்தது இந்தக் கணக்குதான்.

வீணைத் தந்தியை முறுக்காணியால் ஏற்றுவதுபோலத் தட்டிப் பார்த்தும் அறியலாம். பாலங்களின் வடங்களில் இழுவிசையை இப்படித்தான், அதிர்வை எண்ணி, அளக்கிறார்கள். நமது 8 மீட்டர் கம்பியில் 200 கிலோ இழுவை இருந்தால் அது விநாடிக்குச் சுமார் பத்து முறை அதிரும். காதுக்குக் கேட்கும் எல்லைக்குக் கீழே அது. விரலை வைத்தால் தெரியும். இரண்டு பக்கக் கம்பிகளையும் மாறிமாறித் தட்டி, விரலில் ஒரே துடிப்பு வரும்வரை டர்ன்பக்கிளைத் திருப்பலாம். முதல் சில பயணங்களில் புதிய கம்பி தன் முறுக்குக்குள் அமர்ந்து கொஞ்சம் தளரும். மறுபடியும் அளந்து இறுக்கவேண்டும்.

கழற்றிய பழைய கம்பியைக் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன்னால் அதன் கீழ்ப் பொருத்தை வைஸில் பிடித்து, ஹாக்ஸா பிளேடால் நீளவாட்டில் அறுத்துத் திறந்து பாருங்கள். உள்ளே இழைகள் வெள்ளையாக இருந்தால், உங்கள் படகு நிற்கும் நீரில், உங்கள் ஊர் மழையில், அடுத்த முறை இன்னும் இரண்டு ஆண்டு பொறுக்கலாம். காப்பித்தூள்போலப் பழுப்பாக உதிர்ந்தால், இந்த முறையே நாள் கடந்துதான் மாற்றியிருக்கிறீர்கள். அந்தத் துண்டில் தேதியைக் கீறி, படகின் கருவிப் பெட்டியில் போட்டு வையுங்கள்.